ஏற்றமும் எடையும்: மலைநாட்டு மோட்டார் வரலாற்றில் குளிரூட்டியின் இடம்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கோ, 1270 மீட்டர் அளவில் அமைந்த ஹட்டனுக்கோ கீழ்நாட்டிலிருந்து ஏறிவரும் எந்த வண்டிக்கும், இயந்திரம் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு முன்னால், அது எவ்வளவு சுமையோடு வருகிறது என்ற கேள்வியே நின்றிருக்கிறது. பேச்சுவழக்கில் ‘ஏசி’ எனப்படும் குளிரூட்டித் தொகுதியைக் காரிலிருந்து முற்றாகக் கழற்றிவிட்டால் வண்டி துள்ளிக்கொண்டு ஏறும் என்பது இன்று கராஜ்களில் கேட்கும் பேச்சு. இந்தப் பேச்சின் வேரைத் தேடினால், அது மோட்டாருக்கும் முந்திய காலத்துக்கு, இந்த மலைகளில் தேயிலை நடப்பட்ட காலத்துக்கே கொண்டுபோய் விடுகிறது.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டபோது மலைநாடு இன்னும் கோப்பியின் கையில் இருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகே தேயிலை மலைச்சரிவுகளைப் பிடித்துக்கொண்டது. பறித்த பச்சைக் கொழுந்தில் பெரும்பகுதி நீரே என்பதாலும், ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்பதாலும், கொழுந்தை அப்படியே கீழே அனுப்புவது நீரைச் சுமந்து செல்வதற்கு ஒப்பாகும். கொழுந்து பறித்த சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும் இயல்புடையது என்ற காரணமும் சேர்ந்துகொள்ள, தொழிற்சாலை மலைக்கே வந்தது. மேல்மாடித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாடவைத்து, அதன் எடையில் பாதிக்கு அண்மையான அளவை முதலில் போக்கிவிட்டு, அதன் பிறகே அரைப்பது, நொதிக்கவிடுவது, உலர்த்துவது என்ற வேலைகள் தொடங்கின. கூடையின் கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டிக்கொண்டு செங்குத்தான மலைகளில் ஏறியிறங்கிக் கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவந்த பெண்களின் கழுத்துக்கு மட்டும் இந்தச் சிக்கனம் கிடைக்கவில்லை; நீரோடு சேர்ந்த முழு எடையையும் அவர்களே தாங்கினார்கள். மலைநாட்டின் எடைக் கணக்கை எழுதும் எவரும் இந்த முதல் வரியைத் தாண்டிச் செல்ல முடியாது.

பாதைகளும் இதே மனிதர்களின் உழைப்பில்தான் உருவாயின. தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக வந்த தொழிலாளர்களின் மண்வெட்டியும் அலவாங்கும் மலையை அரிந்து வெட்டிய தோட்டத்துப் பாதைகள், கொழுந்தும் உரமும் தேயிலைப் பெட்டியும் போகவேண்டும் என்பதற்காகவே அமைந்தவை. ஆகவே அவை ஒடுங்கியும், சட்டென்று வளைந்தும், சரிவுக்கு ஏற்ப நிமிர்ந்தும் கிடந்தன. ரயில்பாதை வேறு வழியைத் தேர்ந்தது. 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடி தூரம் போனால் ஒரு அடி உயரும் வகையில் அமைந்த பாதையில் தனி இயந்திரத்தால் முழு வண்டியையும் இழுக்க முடியாது என்பதால், றம்புக்கணையில் பின்புறத்தில் இன்னோர் இயந்திரத்தைப் பூட்டித் தள்ளினார்கள். எடையைக் குறைக்க முடியாத இடத்தில் வலிமையைக் கூட்டுவது என்பது ரயிலின் தீர்வு. அந்த வசதி இல்லாத சிறு மோட்டார் வண்டிக்கு இருந்தது எடையைக் குறைக்கும் வழி ஒன்றுதான்.

அந்த வழி ஒரு விளையாட்டாக உருப்பெற்றது 1934ஆம் ஆண்டில். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் பாதையில் அந்த ஆண்டில் தொடங்கிய மலையேற்றப் போட்டியே, இலங்கையின் மிகப் பழைய மோட்டார் பந்தயமாக இன்றும் கருதப்படுகிறது; நானுஓயாப் பக்கத்து ரதல்லையிலும் பின்னர் இத்தகைய போட்டி நடந்திருக்கிறது. மலையேற்றப் போட்டி என்பது பல கார்கள் ஒன்றையொன்று முந்தும் ஓட்டம் ஆகாது. ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் அடிவாரத்திலிருந்து புறப்பட்டு, குறித்த உச்சியை அடையும்வரை கடிகாரத்தோடு மட்டுமே போட்டியிடுகிறது. மிகக் குறைந்த நேரம் எடுத்தவர் வெல்கிறார். ஐரோப்பாவில் இந்த வகைப் போட்டி 1897இல் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லா டர்பி மலைக்கு நடந்த ஓட்டத்திலும், 1905இல் இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷிலும் வளர்ந்திருந்தது. ஐரோப்பிய முதன்மைப் பந்தயங்களில் காரின் எடை 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் அதே 1934ஆம் ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே எடைக்கு உச்சவரம்பு போட்டது பந்தய விதி. மாகஸ்தோட்டையில் அதைப் போட்டது மலை.

அக்காலக் கார்களில் குளிரூட்டி கிடையாது. தொழிற்சாலையிலேயே குளிரூட்டி பொருத்திய காரை அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1940ஆம் ஆண்டு மாதிரியில்தான். ஆகவே தொடக்ககாலப் போட்டியாளர்கள் கழற்றியவை கூரைத் துணி, மட்காட், மேலதிகச் சில்லு, பின்னிருக்கை போன்றவையே. அதன் பிறகு நெடுங்காலத்துக்கு மலைநாட்டில் கழற்றுவதற்கு ஏசி வரவில்லை. 1960களின் தொடக்கத்தில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகி, 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்த வண்டிகளையே பேணி ஓட்டும் நிலை நாடெங்கும் நீடித்தது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் வாடகை வண்டிகளாக ஓடின. 948 சிசி இயந்திரம் கொண்ட மைனர், ஏறத்தாழ 37 குதிரைவலுவோடு தன் முக்கால் டன் உடலை இழுத்துக்கொண்டு ஏறியது. கொதித்துப் புகைந்த ரேடியேட்டருக்கு வழியோர பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றுவது அன்றைய பயணத்தின் இயல்பான தரிப்பாக இருந்தது.

1977க்குப் பிறகு வந்த ஜப்பானியக் கார்களோடும், அவற்றைத் தொடர்ந்து வந்த இந்திய மாருதிகளோடும் ஏசி படிப்படியாக மலைக்கு ஏறியது. பந்தயக்காரர்கள் அதைக் கண்ட உடனேயே கழற்றத் தொடங்கினார்கள் என்பதில் வியப்பில்லை. ஃபோர்ட் லேசர், மாஸ்டா போன்ற 1300 சிசி கார்கள் ஒரு தனிப் பிரிவாகவே போட்டியிடும் நாட்டில், ஒவ்வொரு கிலோவும் நொடியின் பின்னமாக மாறிவிடுகிறது.

கழற்றப்படுவது என்ன என்பதைச் சற்று அருகிலிருந்து காண்பது பயனுள்ளது. காரின் பொனட்டைத் தூக்கினால், இயந்திரத்தின் பக்கவாட்டில் தடித்த இரும்புத் தாங்கியில் முறுக்காணிகளால் பிணைத்த ஒரு கனத்த உருளை தெரியும். அதுவே கம்ப்ரஸர், அதாவது குளிர்வாயுவை அமுக்கும் கருவி. இயந்திரத்தின் முன்பக்கச் சக்கரத்திலிருந்து வரும் ரப்பர் பெல்ட் அதைச் சுழற்றுகிறது. அங்கிருந்து புறப்படும் அலுமினியக் குழாய்கள், ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு ரேடியேட்டரைப்போல் நிற்கும் கண்டென்சருக்குச் சென்று, சூட்டை வெளியே விட்டு, உலர்த்திப் போத்தலைத் தாண்டி, டாஷ்போர்டுக்கு அடியில் மறைந்திருக்கும் குளிர்த்தட்டில் முடிகின்றன. தாங்கியும் குழாயும் விசிறியும் சேர்ந்து சிறு காரில் ஏறத்தாழ 20 கிலோ எடையாகும். கம்ப்ரஸரின் முகப்பில் ஒரு காந்தக் கிளட்ச் உண்டு. ஏசி சுவிட்சைப் போட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, இயந்திரத்தின் ஓட்டம் ஒரு கணம் தளர்ந்து மீள்வது அந்தக் கிளட்ச் பிடித்துக்கொள்வதால்தான். சுவிட்சை அணைத்தால் கிளட்ச் விடுபட, சக்கரம் மட்டும் வெறுமனே சுழலும், கம்ப்ரஸர் நின்றுவிடும்.

இந்த ஒரு சிறு கிளட்ச்தான் வீட்டுக் கார்களின் விவாதத்தைத் தீர்த்துவைக்கிறது. ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார், பத்துக்கு ஒன்று என்ற செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது எனக் கொண்டால், எடையை உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 7 கிலோவாட் வலு செலவாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸர் அதோடு இன்னும் 2 அல்லது 3 கிலோவாட்டைக் கேட்கிறது. ஏறுவதற்குத் தேவையானதில் மூன்றிலொரு பங்கு அது. மாறாக, 20 கிலோ எடையைக் கழற்றிவிட்டால் மிச்சமாவது ஒரு கிலோவாட்டில் ஆறிலொரு பங்குகூட முழுதாக இல்லை. நுவரெலியாவின் மெலிந்த காற்றில் டர்போ இல்லாத இயந்திரத்துக்குக் கொழும்பில் கிடைக்கும் வலுவில் ஆறிலொரு பங்கு குறைந்துபோவதையும் சேர்த்து நினைத்தால், 37 குதிரைவலு மாருதி ஏறும்போது ஏசியை அணைப்பது எவ்வளவு தேவை என்பதும், அதைக் கழற்றி எறிவது எவ்வளவு தேவையில்லாதது என்பதும் ஒருசேர விளங்கும். பந்தயக்காரருக்குக் கணக்கு வேறு. அவருடைய ஓட்டத்தின் ஒவ்வொரு வளைவிலும் எடை பக்கவாட்டாகவும் இழுக்கிறது, முன்னால் நிற்கும் கண்டென்சரை எடுத்தால் ரேடியேட்டருக்குக் காற்றும் தாராளமாகச் செல்கிறது. அவர் கழற்றுவதில் நியாயம் உண்டு. அவரைப் பார்த்துத் தன் குடும்ப வண்டியிலும் கழற்றுபவருக்கு அது இல்லை.

மலைநாட்டுச் சாரதிகள் இதைக் கணக்குப் புத்தகம் இல்லாமலே அறிந்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஏ7 வீதியில் வருபவர் அவிசாவளையின் புழுக்கத்திலும் கித்துல்கலையின் ஈரச் சூட்டிலும் ஏசியைப் போட்டுக்கொண்டு வந்து, கினிகத்தேனை ஏற்றம் தொடங்கும் இடத்தில் அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குகிறார். கண்டியிலிருந்து ஏ5 வீதியில் வருபவர் புசல்லாவையைத் தாண்டி இறம்பொடை வளைவுகளில் அதையே செய்கிறார். ஹட்டனை நெருங்கும்போது குளிர்காற்று தானாகவே உள்ளே வந்துவிடுவதால், குளிர்ச்சிக்காக அதை மீண்டும் போடவேண்டிய தேவை எழுவதில்லை.

ஆயினும் அங்கேதான் ஏசிக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. கழற்றுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் வேலையும் அதுவே. மழையும் பனிமூட்டமும் சேர்ந்த மாலையில், உள்ளேயிருக்கும் நாலைந்து பேரின் மூச்சு காரின் முன்கண்ணாடியில் பட்டு வெண்திரையாகப் படியும்போது, துணியால் துடைத்தாலும் சில விநாடிகளில் மறுபடியும் படிந்துவிடும். ஏசியின் குளிர்த்தட்டில் காற்று மோதும்போது அதிலுள்ள ஈரம் துளிகளாக ஒடுங்கி வடிந்துவிட, உலர்ந்த காற்று கண்ணாடியில் பட்டதும் பாதை தெளிகிறது. வெப்பமூட்டியோடு சேர்த்துப் போட்டால் குளிரும் தெரியாது. ஒரு பக்கம் மண்மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் எதிரே தேயிலை லொறி என்ற பாதையில் அந்தத் தெளிவின் மதிப்பை 20 கிலோவால் அளக்க முடியாது.

கழற்றும் முறையிலும் கவனம் வேண்டும். குழாயை அறுத்து வாயுவைத் திறந்தவெளியில் விடுவது எளிதாகத் தோன்றினாலும், பழைய கார்களில் இருந்த ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைத் தின்பது. 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்த முனைந்த வாயுக்களில் அது முக்கியமான ஒன்று. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாதது என்றாலும், பூமியைச் சூடேற்றுவதில் ஒரே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வல்லது. உரிய கருவியால் வாயுவை உறிஞ்சிச் சேமித்த பிறகே கழற்றவேண்டும் என்ற நடைமுறை இதனால்தான் வந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டு, 2025இல்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இந்த ஐந்தாண்டு இடைவெளியில் மலைநாட்டின் சிறு கார்கள் மைனர்களின் காலத்தைப்போலவே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓடின, உடைந்த கம்ப்ரஸருக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் அதைக் கழற்றி வைத்துவிட்டு நீளம் குறைந்த பெல்ட்டை மாட்டி ஓட்டியவர்களும் உண்டு. ஏப்ரல் மாதத்தில் மாகஸ்தோட்டைப் பாதையின் வளைவுகளில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பந்தயக் கார்களைப் பார்க்கும் மக்கள், உள்ளே ஓட்டுநரின் இருக்கையும் இரும்புக் கூடும் தவிர வேறொன்றும் இல்லாத வண்டி உறுமிக்கொண்டு ஏறிமறைவதைக் காண்கிறார்கள்; அவர்கள் நிற்கும் அதே வளைவுகளை வெட்டியவர்களின் வழியில் வந்த பெண்கள், அடுத்த நாள் காலையில் கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையோரத்திலேயே கொழுந்து எடுக்கிறார்கள்.