176,63,19,049: ஓர் எண்ணின் கதை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஏதாவது ஒரு முழு எண்ணை (பூஜ்யம் வேண்டாம்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கத்தை 60ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். வருவதும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். 4 போட்டால் முடிந்தது: 60 × 16 + 1 = 961, அதாவது 31இன் வர்க்கம். 60க்குப் பதில் 62 என்றாலும் கஷ்டமில்லை, 8 போதும். 3969 வரும், அது 63இன் வர்க்கம்.

நடுவில் இருக்கிற 61தான் வில்லன். அதற்கு மிகச் சிறிய விடையே 22,61,53,980. கூட்டி வருவது 176,63,19,049இன் வர்க்கம். நொடிக்கு ஓர் எண் என்று ராப்பகலாகச் சோதித்தாலும் ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். புனேவில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். நாலு வரி நிரல் எழுதினால் கணினி பார்த்துக்கொள்ளும். ஆனால் 1150இல் இந்த விடையைப் பீஜகணிதத்தில் எழுதிய இரண்டாம் பாஸ்கரரிடம் இருந்தது ஒரு முறை மட்டும்தான். பெயர் சக்கரவாளம்.

அவர் சரியாக வராத ஒரு விடையிலிருந்து கிளம்புகிறார். 8இன் வர்க்கம் 64. அது 61ஐவிட 3 அதிகம். அதை ஒரு சுற்று சுற்றினால் 39இன் வர்க்கம் = 61 × 25 − 4. இங்கே 628இல் பிரம்மகுப்தர் தந்த உத்தி கைகொடுக்கிறது: இரண்டு விடைகளைச் சேர்த்துப் பெருக்கி மூன்றாவதை உண்டாக்குவது. அப்படிச் செய்துகொண்டே போனால் 29718இன் வர்க்கம் = 61 × (3805இன் வர்க்கம்) − 1. ஒன்று குறைகிறது. இதை இதோடே மறுபடி சேர்த்தால், குறை இரண்டும் பெருகி மிகை 1 ஆகிவிடும். முடிந்தது கதை!

இன்னொரு அழகு. 29718இன் வர்க்கம் 88,31,59,524. அதற்கு அடுத்த எண்ணையும் அதோடு கூட்டிப் பாருங்கள், நம் எண்ணே வரும்.

சக்கரவாளம் பாஸ்கரருக்கும் முந்தையது. 1073இல் உதயதிவாகரர் எழுதிய உரையில் ஜெயதேவர் என்பவரின் செய்யுள்களாக அது வருகிறது. ஐரோப்பாவில் 1657இல்தான் ஃபெர்மா, நண்பர் ஃபிரெனிக்கிளிடம் இதே 61ஐக் கேட்டார். இங்கிலாந்தின் பிரௌங்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதை ஜான் பெல் என்பவர் பெயரில் ஆய்லர் தவறாக எழுதிவைக்க, இன்றுவரை அது 'பெல் சமன்பாடு'.

எனக்கும் கல்லூரியில் பெல் என்றுதான் சொல்லித்தந்தார்கள், பாஸ்கரர் பற்றி மூச்சே இல்லை. அதற்காக, 'எல்லாம் நாமே கண்டுபிடித்தோம்' என்று வாட்ஸப்பில் வருவதையும் என்னால் ரசிக்க முடிவதில்லை. வர்க்கமாக இல்லாத எந்த எண்ணுக்கும் விடை உண்டு என்று 18ஆம் நூற்றாண்டில் நிறுவியவர் லாக்ராஞ்சு. அந்தப் பெருமை அவருக்கு. 61க்கு விடை கண்ட பெருமை பாஸ்கரருக்கு. பெயர்ப் பலகையை மாற்றக்கூட வேண்டாம். வகுப்பில் ஒரு நாள் இந்த 61ஐப் பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் போடச் சொன்னால் போதும். பாஸ்கரர் யார் என்று அவர்களே கேட்பார்கள்.