'ஜெபம் பண்ணினா மாறிடுமா?' தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் பற்றி மருத்துவம், சட்டம், திருச்சபை சொல்வது என்ன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 47% பேர் கிறிஸ்தவர்கள். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, கல்யாண ஓலை வாசிப்பு என இங்கே பல குடும்பங்களின் வாழ்க்கை ஆலயத்தைச் சுற்றியே நடக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டில் மகனுக்கோ மகளுக்கோ தன்பாலீர்ப்பு இருப்பது தெரிந்தால்? 'ஜெபம் பண்ணு மக்ளே, மாறிடும்' என்று தொடங்கும் பேச்சு, 'டாக்டர்கிட்ட காட்டுவோம்', 'சீக்கிரம் கல்யாணம் முடிச்சிடுவோம்' என்பது வரை போவதுண்டு. வீடு, சபை இரண்டையும் இழந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே பலர் வாய் திறப்பதில்லை.

இது நோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இதை உறுதிசெய்தது. சமூகத்தின் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என முடிவுசெய்யக் கூடாது என்கிறது 2017 மனநல பராமரிப்புச் சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வயது வந்தவர்களின் சம்மதத்துடனான தன்பாலின உறவு குற்றமல்ல என 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். இது தொழில்முறை ஒழுங்கீனம் என 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. தன்பாலின திருமணத்துக்கு மட்டும் இன்னும் சட்ட அங்கீகாரம் இல்லை.

திருச்சபைகளின் நிலை?

எல்லா சபைகளும் ஒரே மாதிரி பேசுவதில்லை. கத்தோலிக்கப் போதனை தன்பாலின உறவை ஏற்பதில்லை. ஆனால் அவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்றும் அதே போதனை சொல்கிறது. தன்பாலின இணையர் கேட்டால் குருக்கள் ஆசி வழங்கலாம், அது திருமணம் ஆகாது என 2023 டிசம்பரில் வாடிகன் அறிவித்தது. சி.எஸ்.ஐ. உறுப்பினராக உள்ள இந்திய தேசிய திருச்சபைகள் மன்றம், இதுபற்றி சபைகளிடையே உரையாடல் நடத்தி வருகிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

போதனை பற்றிய கேள்விகளுக்கு உடனே விடை கிடைக்காமல் போகலாம். அதுவரை பிள்ளையைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. முதலில் முழுசா கேளுங்க. அவர் அனுமதியில்லாமல் சொந்தக்காரர்களிடமோ போதகரிடமோ சொல்லாதீங்க. கல்யாணத்துக்கு வற்புறுத்தாதீங்க.

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்), இலவச சட்ட உதவிக்கு 15100 எண்களை அழைக்கலாம்.