பற்றுச்சீட்டு

பாரிசில் ஒரு சங்கம் அமைக்க இரண்டு பேர் போதும். பிரிபெக்சரில் அறிவித்தால் ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். கோவில், தமிழ்ப் பள்ளி, ஊர்ச்சங்கம், அரசியல் அமைப்பு எல்லாவற்றிற்கும் இதே வழிதான். இந்தக் கடதாசி எப்படி எங்கள் கைக்கு வந்தது என்று நாங்கள் யோசித்ததில்லை.

நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி, 20 பேருக்கு மேல் சங்கமாகக் கூடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். அரசியல் பேசவும் அனுமதி, இலக்கியம் பேசவும் அனுமதி. வல்டெக்-ரூசோ பிரதமராயிருந்தபோது வந்த 1901 யூலை 1ஆம் திகதிச் சட்டமே அதை ஒழித்தது.

ஆனால் 1939இன் தொடக்கத்தில், உள்நாட்டுப் போரில் தோற்ற ஸ்பானிய அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 12இல் தலாதியே அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. வெளிநாட்டவர் நடத்தும் சங்கங்களுக்கு உள்துறை அமைச்சரின் முன்அனுமதி வேண்டும். அங்கத்தவரில் காற்பங்கினர் வெளிநாட்டவர் என்றாலும் அப்படியே. போர் முடிந்தது, ஆணை முடியவில்லை.

1970இல் சிமோன் த பூவா முதலானோர் அமைத்த சங்கமொன்றுக்குப் பற்றுச்சீட்டு மறுக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 1971இல் அரசியலமைப்புச் சபை நிராகரித்து, சங்கம் அமைக்க முன்அனுமதி தேவையில்லை என்றது. வெளிநாட்டவர் அப்போதும் வாசலுக்கு வெளியேதான். மித்தரோன் ஆட்சிக்கு வந்த பின், 1981 ஒக்டோபர் 9இல்தான் அந்த ஆணை நீங்கியது. 83 ஆடிக்குப் பின் வந்த நாங்கள், இரண்டு வருடத்துக்கு முன்னர் திறந்த கதவால் நுழைந்தவர்கள்.

கட்சிகளின் பணத்துக்கு 1988இல்தான் முறையான சட்டம் வந்தது. 1995இலிருந்து கம்பனிகள் கட்சிக்குக் கொடுக்க முடியாது. தனியாள் ஆண்டுக்கு 7,500 யூரோவரை கொடுக்கலாம்; 150 யூரோவுக்கு மேல் காசாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்ததில் 66 வீதம், ஒரு வரம்புக்குள், வருமானவரியில் கழியும். அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். இங்கே வசிக்கும் வெளிநாட்டவரும் கொடுக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குத்தான் இல்லை.

கோப்பை கழுவிய காசை நாங்களும் கொடுத்தோம். வீடு தேடி வந்தவர்களிடம், காசாக, கதவடியில் வைத்தே கொடுத்தோம். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. சிலர் வெட்கத்தால், சிலர் பயத்தால், பலர் உண்மையான பற்றினால். கேட்டவனைத் துரோகி என்றபோது பக்கத்தில் பேசாமல் நின்றவர்களும் நாங்களே.

அரசிடம் அனுமதி கேட்காமல் கூடும் உரிமையை எங்களுக்கு முன் வந்தவர்கள் வாங்கி வைத்தார்கள். எங்கள் அமைப்புகளிடம் கணக்குக் கேட்கும் பழக்கத்தை எவரும் வாங்கித் தரமாட்டார்கள்.