பெயர் பொறிக்கப்படாத அரசியர்
‘சிவகாமியின் சபத’மும் வாதாபிப் போர்க்கால இல்லங்களும்

பக்கிங்காம் கால்வாய் கோவளத்து உப்பங்கழியோடு கலக்கும் இடத்தில் முட்டுக்காடு இருக்கிறது. இன்று அங்கே படகுத் துறையும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பாலமும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அச்சாலை இப்போதைய வடிவம் பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே, சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்வோரைச் சுமந்த படகுகள் இந்த நீர்வழியே தெற்கு நோக்கிச் சென்றன. 1930களில் பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு சென்ற பயணமும் படகில்தான். ‘மாவலிபுரச் செலவு’ அந்தப் பயணத்தில் விளைந்த கவிதை. அதே காலப் பகுதியில் மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் ரசிகமணி டி.கே.சி.யுடன் அமர்ந்திருந்த இன்னொருவர் கல்கி. ‘சிவகாமியின் சபத’த்தின் கரு அங்கேதான் தோன்றியது என்று அந்நாவலின் முன்னுரையில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இந்தத் தொலைவைக் கடக்கும் தமிழ் வாசகர் பலருடைய உள்ளத்தில் பல்லவர் வரலாற்றைவிடச் சிவகாமியின் வரலாறு முந்திக்கொண்டு நிற்கிறது. பாறைகளைக் காணும்போது உளி பிடித்த ஆயனரின் கை நினைவுக்கு வருகிறது. மண்டபத்துத் தூணருகே ஒரு நடன மங்கையின் நிழலைத் தேடாதவர் குறைவு. ஆயனரும் சிவகாமியும் கற்பனை மாந்தர் என்பது தெரிந்தவர்களும் தேடவே செய்கிறார்கள். இது வாசகரின் பேதைமை அன்று. கல் சொல்லாமல் விட்ட ஒன்றை நாவல் சொல்லியிருக்கிறது. அது எது என்பதே ஆராயத்தக்கது.

மாமல்லபுரத்து ஆதிவராகக் குகைக்குள் இரண்டு அரசர்களின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. ஓர் அரசன் அமர்ந்திருக்கிறான். இரு பக்கமும் இரண்டு தேவியர் நிற்கின்றனர். எதிர்ப்புறத்தில் மற்றோர் அரசன் நின்ற கோலத்தில் ஒரு தேவியின் கையைப் பற்றியிருக்கிறான். இன்னொருத்தி அருகே நிற்கிறாள். அரசர்களின் தலைக்கு மேலே சிம்மவிஷ்ணு என்றும் மகேந்திரன் என்றும் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. இவர்கள் எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த நான்கு தேவியர் யார் என்று வாதிடவும் வழியில்லை. அவர்களின் தலைக்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை. மணிமுடி உண்டு, அணிகலன் உண்டு, நாணமும் நளினமும் உண்டு. பெயர் மட்டும் இல்லை. பிற்காலத்தில் இராசசிம்மனின் அரசி ரங்கபதாகையின் பெயர் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பொறிக்கப்பட்டது. அது விதிவிலக்கு என்பதாலேயே நினைவில் நிற்கிறது.

போரைப் பற்றிய ஆவணங்களும் இவ்வாறே அமைந்தவை. இரண்டாம் புலிகேசியின் புகழ் பாடும் 634ஆம் ஆண்டின் ஐகோளெக் கல்வெட்டு, பல்லவ வேந்தன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒடுங்கினான் என்கிறது. பல்லவரின் காசக்குடிச் செப்பேடோ மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்கிறது. கூரம் செப்பேடு நரசிம்மவர்மனின் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் வெற்றிகளை வரிசைப்படுத்தி, புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்று செருக்கோடு பேசுகிறது. 642ஆம் ஆண்டை ஒட்டி வாதாபி வீழ்ந்தது. இன்றைய பாதாமியின் பாறையொன்றில் நரசிம்மவர்மனின் சிதைந்த கல்வெட்டு அதற்குச் சான்றாக இருக்கிறது. வென்றவர் எவர், தோற்றவர் எவர் என்பதில் இவை ஒன்றையொன்று மறுக்கின்றன. அந்தப் போர்களில் எத்தனை வீடுகள் இருண்டன என்று சொல்லாமல் விடுவதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபட்டிருக்கின்றன.

இந்த மௌனத்துக்குள்தான் கல்கி ஒரு சிற்பியின் வீட்டைக் கட்டினார். ‘கல்கி’ இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த ‘சிவகாமியின் சபதம்’ பேரரசுகளின் போரைச் சொல்வதுபோல் தோன்றினாலும், அதன் உயிர் ஒரு தந்தைக்கும் மகளுக்கும் நேரும் துன்பத்தில் இருக்கிறது. ஆயனரின் குறை அவருடைய கலைப்பித்து. அஜந்தாவின் அழியாத வண்ண இரகசியத்தை அறிய வேண்டும் என்ற தாகம் நாகநந்தி என்னும் பிக்குவுக்கு அந்த வீட்டின் கதவைத் திறந்துவிடுகிறது. மகளின் குறை, இளவரசன் மாமல்லன் மீது கொண்ட காதல். சிற்பியின் மகள் பட்டத்து அரசியாவதை மகேந்திர சக்கரவர்த்தி விரும்பவில்லை. அவர் சிவகாமியின் கலையை நெஞ்சாரப் போற்றுகிறார்; அவளை மருமகளாக ஏற்க மட்டும் மறுக்கிறார். கலைஞனைக் கொண்டாடும் அரண்மனை அவனைச் சம்பந்தியாக்கிக்கொள்ளாது என்னும் கசப்பான உண்மையை இவ்வளவு மென்மையாகச் சொன்ன தமிழ் நாவல்கள் சில. பாவலர் பலர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவது வியப்பே.

பிறகு படையெடுப்பு வருகிறது. ஆயனரின் கால் முறிகிறது. சிவகாமி சிறைப்பட்டு வாதாபிக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அவளோடு பிடிபட்டுச் சென்ற பல்லவ நாட்டு ஆண்களும் பெண்களும் சாட்டையடி படாமலிருக்க, அந்நகரின் நாற்சந்திகளில் அவள் ஆட வேண்டியிருக்கிறது. தந்தையின் சிற்ப மண்டபத்தில் இறைவனுக்காகவும் காதலனுக்காகவும் ஆடிய கால்கள் பகைவனின் தெருவில் பிறரின் முதுகைக் காப்பதற்காக ஆடுகின்றன. சபதம் பிறப்பது இந்த இடத்தில். வாதாபி எரிய வேண்டும் என்று அவள் சூளுரைப்பதை வெறும் வஞ்சினமாகப் படிப்பவர் இந்தக் காட்சியை மறந்தவராவர். தன்னை மீட்க மாமல்லன் மறைவாக வந்தபோதும் அவள் உடன்செல்ல மறுக்கிறாள். அந்த மறுப்புக்கு அவள் கொடுத்த விலை ஒன்பது ஆண்டுகள். நகரம் எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. ஆனால் மாமல்லன் தந்தையின் சொல்லுக்கும் நாட்டின் தேவைக்கும் கட்டுப்பட்டுப் பாண்டிய இளவரசியை எப்போதோ மணந்துவிட்டான் என்பதைக் காஞ்சிக்குத் திரும்பிய பிறகே அவள் அறிகிறாள். நான்காம் பாகத்துக்குக் கல்கி ‘சிதைந்த கனவு’ என்று பெயரிட்டார். பெருவெற்றியைச் சொல்லும் பாகத்துக்கு அந்தத் தலைப்பு!

இந்தத் தொடரை முதலில் படித்தவர்களின் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1942இல் சப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் திரள்திரளாக ஊரைவிட்டு வெளியேறினார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கணவன், மகன், அண்ணன் பற்றிய சேதி அறியாமல் தமிழகத்தின் பல வீடுகள் போர் முடியும்வரை காத்திருந்தன. காஞ்சி முற்றுகையையும் சிறைப்பட்டவளின் ஒன்பது ஆண்டுகளையும் வாரந்தோறும் படித்தவர்களுள் அத்தகைய வீட்டாரும் இருந்திருப்பார்கள். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அடுப்படியிலிருந்து மற்றவர் கேட்கும் வழக்கம் இருந்த காலம் அது. இதழின் பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் பாதுகாத்த குடும்பங்கள் பல. அந்த வாசகர்களுக்கு 7ஆம் நூற்றாண்டு தொலைவில் இருந்திருக்காது.

கல்கி இந்தத் துயரத்தை வெற்றிடத்திலிருந்து படைத்தாரா? இல்லை. கல்வெட்டு மறந்த இல்லங்களைத் தமிழ்ப் பாட்டு மறக்கவில்லை. தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், பல்லவர் காலப் போரால் தொடப்பட்ட இரண்டு வீடுகள் இருக்கின்றன.

முதலாவது திருவாமூரில் புகழனார், மாதினியாரின் வீடு. மகள் திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தனர். மன்னனின் ஆணையால் அவர் வடநாட்டுப் போருக்குச் சென்றார். அவர் திரும்புவதற்குள் தந்தை இறந்தார்; தாயும் உடன் இறந்தார். பிறகு, கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தி வந்தது. மணம் பேசியதோடு நின்றுபோன அந்த உறவையே தன் வாழ்வாகக் கருதி உயிர்விடத் துணிந்தவரைத் தம்பி மருள்நீக்கியாரின் அழுகை தடுத்தது. தம்பிக்காக அவர் உயிர் தாங்கினார். அந்தத் தம்பியே பின்னர் நாவுக்கரசர். தமிழுக்குத் தேவாரம் கிடைத்த கதையின் அடியில் ஒரு போர்க்களச் சாவும் ஒரு பெண்ணின் முடியாத காத்திருப்பும் புதைந்துள்ளன.

இரண்டாவது திருச்செங்காட்டங்குடியில் பரஞ்சோதியாரின் வீடு. அவர் மன்னனுக்காக வாதாபி சென்று அந்நகரைத் துகளாக்கி, யானைகளும் மணிகளும் நிதியும் கொண்டுவந்த படைத்தலைவர். அவருடைய அடியார் தன்மையை அறிந்த அரசன் அஞ்சி, பொருள் கொடுத்து அவரைப் படைத்தொழிலிலிருந்து விடுவிக்கிறான். ஊர் திரும்பிச் சிறுத்தொண்டராக வாழும் அவரிடம் பைரவ வேடத்தில் வந்த இறைவன் கேட்பது ஒரே மகன் சீராளனை. சைவ மரபு இதனைத் தொண்டின் எல்லையாகக் கொள்கிறது. அந்தப் பொருள் மாறாமலே இன்னொன்றையும் காணலாம்: வாதாபியை எரித்துத் திரும்பிய கை சொந்த வீட்டில் மகனை அரிய நேர்கிறது. சேக்கிழார் இரண்டையும் ஒப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. வரிசையாக வைத்தார், அவ்வளவே.

கல்கி இந்தப் பரஞ்சோதியையே தம் நாவலின் இளைஞனாக்கினார். முதல் பாகத்தின் பெயரே ‘பரஞ்சோதி யாத்திரை’. சீராளன் கதைக்குள் நாவல் புகவில்லை. போரை வெறுத்து மீளும் தளபதியோடு நின்றுவிடுகிறது. நாவுக்கரசரும் நாவலில் வருகிறார். காதலியின் நிலையைப் பாடும் அவருடைய திருத்தாண்டகம் ஒன்றுக்குச் சிவகாமி அபிநயம் பிடிக்கிறாள்; இறுதியில் ஏகாம்பரநாதரையே நாயகனாக வரிக்கும்போதும் அத்தாண்டகமே துணை நிற்கிறது. மணவாளனை இழந்து இறைவனிடம் அடைக்கலமான திலகவதியாரின் சாயல் சிவகாமியின் முடிவில் படிந்திருக்கிறது எனலாம். ஆகவே, ‘சரித்திரத்தில் இல்லாத பெண்ணைப் படைத்தார்’ என்னும் குற்றச்சாட்டு பாதி உண்மையே. பெயர் கற்பனை, துயரத்துக்கு மரபு உண்டு.

குற்றம் நாவலில் இருப்பதைவிட, அதனை ஆவணமாகக் கொள்ளும் வாசிப்பில்தான் மிகுதி. மணிமங்கலப் போரில் மகேந்திரர் காயமுறுவதாக நாவல் சொல்கிறது. அப்போரை நரசிம்மவர்மனின் வெற்றியாகக் கூறுவது கூரம் செப்பேடு. நாகநந்தியும் புலிகேசியும் உருவொத்த உடன்பிறப்பு என்பது கதைக்கு வேண்டிய முடிச்சு. மாமல்லபுரச் சின்னங்கள் எவர் காலத்தவை என்பதே இன்னும் தீராத வழக்கு. அவை அனைத்தும் இராசசிம்மன் காலத்தவை என்று 1962இல் இரா. நாகசாமி வாதிட்டார், அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. இவற்றை அறிந்த பின்னரும் நாவலின் சுவை குறைவதில்லை. எது செப்பேட்டுக்கு உரியது, எது சிற்பியின் வீட்டுக்கு உரியது என்று பிரித்தறியும் வாசகருக்கே கல்கியின் துணிவு முழுமையாகப் புலப்படும்.

ஓரிடத்தில் மட்டும் கல்கியின் பரிவு போதவில்லை. மாமல்லன் மணந்த பாண்டியன் மகள் வானமாதேவி கேட்டறியாத ஒரு காதலின் நிழலில் வாழ நேர்ந்தவள். கணவனின் உள்ளத்தில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று அறிந்தும் பட்டத்து அரசியாக வீற்றிருப்பது சிறிய துன்பம் அன்று. நாவல் அவளுக்கு ஒதுக்கிய இடம் குறைவு. ஆதிவராகக் குகையின் பெயரற்ற தேவியரைப் போல அவளும் அரசன் அருகே நிற்கிறாள். இம்முறை பெயர் உண்டு, குரல் இல்லை.

ஆயனருக்கும் அதே குறை. மகளை இழந்த தந்தை அழுகிறார், கலங்குகிறார். மாமல்லனை நிறுத்தி, ‘என் மகளுக்கு என்ன வழி?’ என்று நேருக்கு நேர் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இந்தக் கடற்கரையில் முன்னமே கேட்கப்பட்டுவிட்டது. முட்டுக்காட்டைக் கடந்து தெற்கே போனால் கோவளத்தை அடுத்து வரும் திருவிடந்தை, நாள்தோறும் ஒரு கன்னியாக 360 பெண்களைத் திருமால் மணந்ததாகச் சொல்லும் தலம். திருமணம் கைகூட வேண்டி மாலையோடு மக்கள் வலம்வரும் கோயில். 8ஆம் நூற்றாண்டில், பல்லவர் ஆட்சியிலேயே, திருமங்கையாழ்வார் இத்தலத்தைப் பாடினார். பெரிய திருமொழியில் கடல்மல்லைக்கு உரிய இரண்டு பதிகங்களை அடுத்து நிற்பது இந்த இடவெந்தைப் பதிகம். அதில் பேசுபவர் ஆழ்வார் அல்லர். காதலித்த பெண்ணும் அல்லள். பெற்ற தாய் பேசுகிறாள். மகள் உருகுவதை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இவளைக் குறித்து உன் மனத்தில் என்னதான் நினைத்திருக்கிறாய் என்று அந்தப் பெருமானையே பாட்டுத்தோறும் நிறுத்திக் கேட்கிறாள்.