திரைக்கு வெளியே வந்தவர்

போன வாரம் உங்களை ஓர் அணைக்கட்டின் முன்னால் நிறுத்திவிட்டுப் போனேன். ரைன் நதியின் ஆழத்தில் மூன்று கன்னியர் நீந்துவார்கள் என்று நம்பி வந்த கூட்டம், மின்சாரம் எடுக்கிற அணையைக் கண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அது முதல் இரவு.

இன்று நான்காம் இரவு. கடைசி இரவு.

1976-ன் கோடை. பைராய்ட் நகரத்தின் பச்சைக் குன்று. அதன் மேல் வாக்னர் தனக்கென்றே கட்டிக்கொண்ட அரங்கம். நான்கு இரவுகள் நீளும் அவருடைய ஓபரா 'நிபெலுங்கின் மோதிரம்' இங்கே முழுதாக மேடையேறிச் சரியாக நூறு வருடம் ஆகிறது.

மாடத்திலிருந்து எக்காளம் ஒலிக்கிறது. முதலில் ஒரு தரம். கொஞ்சம் கழித்து இரண்டு தரம். பிறகு மூன்று தரம். ஒரு மணி நேர இடைவேளை முடிந்துவிட்டது. கறுப்புக் கோட்டுகளும் நீண்ட பட்டு அங்கிகளும் கதவுகளை நோக்கி நகர்கின்றன. கடைசிப் பகுதியான 'தேவர்களின் அந்தி'யில் மூன்றாம் அங்கம்தான் பாக்கி. ஒரு மணி நேரமும் கொஞ்சமும்.

கோட்டுப் பைகள் சிலவற்றில் விசில் இருக்கிறது.

அந்த விசில்தான் என்னை யோசிக்க வைக்கிறது. பிடிக்காத நாடகத்தைப் பார்த்து அங்கேயே கத்துவது ஒன்று. வீட்டிலிருந்தே விசிலை எடுத்து வருவது வேறு. அப்படி வருகிறவர் கோபத்தையும் வீட்டிலிருந்தே எடுத்து வருகிறார். கடந்த இரவுகளில் இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விசில் பறந்தது. இந்த அரங்கில் பாட்டின் நடுவே இருமினாலே பக்கத்து நாற்காலி முறைக்கும். அங்கே விசில்!

கதவுகள் சாத்தப்படுகின்றன. விளக்குகள் அணைகின்றன.

இனி யாரும் வெளியே போக முடியாது. இந்த அரங்கில் நடுவே நடைபாதை கிடையாது. ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஒரே நீள வரிசை. கல்யாணப் பந்தியின் நடு இலையில் உட்கார்ந்தவர் மாதிரிதான். வரிசை எழுந்தால்தான் நீங்களும் எழலாம். கட்டை நாற்காலி. ஆகஸ்டை நெருங்கும் வெக்கை. பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் பார்த்தே தீரவேண்டும்.

இவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கெட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள் இதில் பலர். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இது அவர்களுக்கு வீட்டுச் சொத்து. நூற்றாண்டு விழாவில் அதை யாரோ ஒருவன் குலைக்கிறான்.

அந்த யாரோ ஒருவன் பிரெஞ்சுக்காரன் வேறு. அவனுக்கு வயது 31.

பத்ரீஸ் ஷெரோ. இதற்கு முன் அவர் இயக்கிய ஓபராக்கள் இரண்டே இரண்டு. அவர் நாடகக்காரர். பதினைந்து மணி நேரம் நீளும் இந்த மலையை அவர் தலையில் யார் வைத்தது?

வைத்தவர் வாக்னரின் பேரன் உல்ஃப்காங். அவர் மனதைப் புரிந்துகொள்ளாமல் இந்த இரவு புரியாது. அண்ணன் வீலாண்ட் மேதை என்று ஊரே சொன்னது. போருக்குப் பிறகு, ஹிட்லர் விருந்தாளியாக வந்து உட்கார்ந்த கறை படிந்திருந்த இந்த அரங்கை, 1951-ல் வீலாண்ட் ஒரே வீச்சில் கழுவினார். மரம், பாறை, கோட்டை, கொம்பு வைத்த தலைக்கவசம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். மிஞ்சியது ஒரு வட்ட மேடையும் வெளிச்சமும்தான். அன்றும் கூச்சல் இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருடத்தில் அந்த வெற்று மேடையே 'நம் பாரம்பரியம்' ஆகிவிட்டது. வேடிக்கைதான்.

1966-ல் வீலாண்ட் இறந்தார். தம்பி தனியானார். தான் அண்ணனுக்கு ஈடான இயக்குநர் இல்லை என்று விமர்சகர்கள் எழுதுவதை அவர் படிக்காமலா இருந்திருப்பார்? ஆனால் அவர் கெட்டிக்கார நிர்வாகி. தன்னிடம் இல்லாததை வெளியிலிருந்து வரவழைத்தார். பைராய்ட் கோயில் அல்ல, பட்டறை என்றார். 1972-ல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து கெட்ஸ் ஃப்ரீட்ரிஷை அழைத்து 'டான்ஹாய்சர்' செய்யச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை முன்பே பார்த்தோம். அடி வாங்கியும் மனிதர் திருந்தவில்லை. நூற்றாண்டு விழாவுக்கு இசை நடத்தப் பியேர் பூலெஸை அழைத்தார். ஓபரா அரங்குகளை வெடி வைத்துத் தகர்க்க வேண்டும் என்று பத்திரிகைப் பேட்டியில் சொன்ன அதே பூலெஸை!

இயக்குநராக முன்னதாகப் பேசப்பட்டவர்களில் ஒருவர் பீட்டர் ஷ்டைன். அவரும் விலகிக்கொண்டார். நாள் நெருங்குகிறது. ஆள் இல்லை. அப்போது பூலெஸின் சகோதரி ழான் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்தான் ஷெரோ.

சரி, மேடைக்கு வருவோம். திரை விலகுகிறது.

மறுபடியும் அணைக்கட்டு.

மூன்றாம் அங்கம் ரைன் நதியில்தான் தொடங்குகிறது. கூட்டத்துக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தக் கான்கிரீட்டை மறுபடி பார்ப்பது வலிக்கிறது. ரைன் கன்னியர் தெருவோரம் நிற்கும் பெண்களைப்போல உடுத்தியிருக்கிறார்கள். அரசன் குந்தர் விருந்துக்குப் போகிற கறுப்பு சூட்டில் இருக்கிறான். சூழ்ச்சிக்காரன் ஹாகனுக்கோ கசங்கிப்போன மலிவு சூட். ஈட்டி மட்டும் பழைய ஈட்டி.

ஏன் இப்படிச் செய்தார் ஷெரோ? சீண்டுவதற்கா? நான் அப்படி நினைக்கவில்லை. தேவர்களுக்குத் தலைவன் வோட்டானை அவர் வாக்னர் காலத்து முதலாளியாகப் பார்த்தார். கோட்டை கட்டுகிறான், கூலி தர மறுக்கிறான், ஒப்பந்தத்தை மீறுகிறான், பொன்னுக்காக அடித்துப் பிடுங்குகிறான். இது புராணமா, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைக் கணக்கா? பெர்னார்ட் ஷா இந்தக் கேள்வியை 1898-லேயே ஒரு புத்தகமாக எழுதிவிட்டார்.

ஷாவை விடுங்கள். வாக்னரையே கேட்போம். 1877-ல் அவர் லண்டன் போயிருந்தார். தேம்ஸ் நதியில் படகுப் பயணம். இரண்டு கரையிலும் புகை, இயந்திரம், ஓயாத வேலை. ஆல்பெரிஷ் கண்ட கனவு இங்கே பலித்துவிட்டது என்று மனைவி கோசிமாவிடம் சொன்னார். கோசிமா அதைத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். தன் கதையின் பேராசைக் குள்ளனைத் தொழிற்சாலைப் புகையில் முதலில் பார்த்தவர் வாக்னரேதான். விசிலை வாயில் வைத்திருப்பவர்களுக்கு இதை யார் சொல்வது?

1876-ன் அந்த முதல் மேடையேற்றமாவது அவருக்குத் திருப்தியா? அதுவும் இல்லை. லண்டனில் செய்யச் சொன்ன டிராகன் பொம்மைக்குக் கழுத்துப் பகுதி வந்து சேரவே இல்லை. தலையை உடம்பில் ஒட்டி ஒப்பேற்றினார்கள். விழா முடிந்தபோது மிஞ்சியது மலையளவு கடன். 'மோதிரம்' இந்த அரங்குக்குத் திரும்பி வர இருபது வருடம் ஆனது. அதற்குள் வாக்னர் இறந்தே போயிருந்தார்.

மேடையில் ஹாகனின் ஈட்டி உயர்கிறது.

நாயகன் சீக்ஃப்ரீட் சாய்கிறான்.

இறுதி ஊர்வல இசை எழுகிறது. அதை வாசிப்பவர்களை யாரும் பார்க்க முடியாது. மேடைக்கு அடியில் இறங்கும் குழியில், வளைந்த மூடிக்குக் கீழே, சட்டைக் கையை மடித்துவிட்டு வியர்க்க வியர்க்க வாசிக்கிறார்கள். பூலெஸும் அங்கேதான் நிற்கிறார். எதிர்ப்பு மேலே மட்டும் இருந்தது என்று எண்ணாதீர்கள். குழிக்குள்ளும் புகைந்துகொண்டிருந்தது. கனமாக, கடலலைபோல் திரண்டு வரும் நாதம் இந்த வாத்தியக்காரர்களின் பெருமை. பூலெஸோ ஒவ்வொரு இழையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்கிறார். வேகமாகப் போகிறார். விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். அடுத்த கோடையில் வரமாட்டோம் என்று சிலர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள்.

பாடகர்களிலும் அதே கதை. ஹாகனாக நிற்கும் கார்ல் ரிடர்புஷ் இந்தத் தயாரிப்பு தமக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவே இல்லை. பிடிக்காத வேலையை அவர் எத்தனை நன்றாகச் செய்கிறார் பாருங்கள்!

வெள்ளை அங்கியில் அவன் காதலி ப்ரூன்ஹில்டே வருகிறாள். சிதை மூட்டச் சொல்கிறாள். இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே பெண் குரல் அந்த அரங்கம் முழுவதையும் தாங்கி நிற்கும் இடம் இது. அவள் நெருப்பில் புகுகிறாள். நதி பொங்குகிறது. மோதிரம் ரைன் கன்னியரிடம் திரும்புகிறது. தூரத்தில் தேவர்களின் கோட்டை வால்ஹாலா பற்றி எரிகிறது.

மேடையில் ஒரு கூட்டம் நின்று அதைப் பார்க்கிறது. ஆணும் பெண்ணுமாகச் சாதாரண ஜனங்கள். நைந்த உடுப்பு. நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். தேவர்கள் எரிந்து முடிகிறார்கள். வயலின்கள் அந்தக் கடைசி மெட்டை எடுக்கின்றன.

அப்போது அந்தக் கூட்டம் திரும்புகிறது.

ஒருவர் பின் ஒருவராக, மெதுவாக.

அரங்கத்தை நேருக்கு நேர் பார்க்கிறது.

நான்கு இரவுகள் மேடையைப் பார்த்துக் கத்தியவர்களை இப்போது மேடை பார்க்கிறது. எரிந்துவிட்டது, இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிற பார்வை. இசை முடிகிறது. திரை விழுகிறது.

அடுத்த நொடி அரங்கம் வெடித்தது.

'பூ... பூ...' என்ற ஓலம். விசில். அதை அமுக்கப் பார்க்கும் 'ப்ராவோ'. கட்டைத் தரையில் காலால் உதைக்கும் சத்தம். பிடித்தவரும் பிடிக்காதவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருக்கிறார்களே, என்ன ஆகும்? அந்த நாட்களின் கைகலப்பில் ஒரு சீமாட்டியின் காதிலிருந்து தோடு பிய்ந்து வந்தது. உல்ஃப்காங்கின் புது மனைவி குட்ரூனின் உடையைக் கிழித்தார்கள். வெளியே துண்டுப் பிரசுரம், கையெழுத்து வேட்டை. ஷெரோவுக்கு மிரட்டல்கள். வாக்னரின் படைப்பைக் காப்பாற்ற என்று ஒரு குழுவே புறப்பட்டுவிட்டது.

திரைக்குப் பின்னால் ஷெரோ நிற்கிறார். பூலெஸும், மேடை அமைத்த ரிச்சர்ட் பெதூட்சியும் இருக்கிறார்கள். புதுத் தயாரிப்பு என்றால் இயக்குநர் திரைக்கு முன்னால் வந்து தலைவணங்க வேண்டும் என்பது முறை. வராமல் இருந்தால் யாரும் சட்டம் பேசப்போவதில்லை. ஓலம் திரையைத் தாண்டிக் கேட்கிறது. வெளியே போனால் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

போனார்.

சத்தம் இரண்டு மடங்கானது. அவர் நின்றார்.

அந்த நிற்பைத்தான் நான் மதிக்கிறேன். மேடையில் எல்லாமே சரியாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வால்கிரிப் பெண்களின் பாறை எனக்கு ஒட்டவில்லை. அவருக்கும் ஒட்டவில்லை என்பது மறு வருடம் தெரிந்தது. அதைக் கலைத்துவிட்டுப் புதிதாகச் செய்தார். ஆனால் கத்துகிறவர்களுக்குப் பயந்து அல்ல. அணைக்கட்டில் அவர் கை வைக்கவே இல்லை.

இப்போது பந்து உல்ஃப்காங்கின் பக்கம். மேஜைமேல் கண்டனக் கடிதங்கள் குவிகின்றன. வாத்தியக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். இந்தத் தயாரிப்பு இன்னும் நான்கு கோடைகள் தாங்க வேண்டும். ஒரே கையெழுத்தில் அவர் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். நிறுத்தினாரா? அடுத்த கோடையில், சீக்ஃப்ரீட் பாடும் ரெனே கோலோ காலை உடைத்துக்கொண்டு ஓரத்தில் நின்று பாட, மேடை நடுவே அந்த வேடத்தில் வாயசைத்து நடித்தது யார் தெரியுமா? நீங்கள் ஊகிக்கிற ஆள்தான். அவரை அன்று அந்தக் கூட்டம் என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.