18 வயசு ஆயிட்டா ஜீவனாம்சம் 'கட்' ஆயிடுமா? மகனுக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு... சட்டம் சொல்றது என்ன?

பிளஸ் 2 முடிச்சு காலேஜ் அட்மிஷனுக்கு அலையும் நேரத்தில்தான் பல வீடுகளில் இந்தப் பிரச்சினை வெடிக்கிறது. "பிள்ளைக்கு 18 ஆயிடுச்சு, இனி நான் தர வேண்டியதில்லை" என்று பிரிந்து வாழும் அப்பா பணத்தை நிறுத்திவிடுகிறார். சட்டப்படி இது சரியா?

மகன் விஷயத்தில் பெரும்பாலும் சரிதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகியிருக்கிறது. எண்தான் மாறியது, விதி பழசுதான். 18 வயது வரைதான் ஜீவனாம்சம். உடல், மனநலக் குறைபாடு அல்லது காயத்தால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் அதற்குப் பிறகும் உண்டு. காலேஜில் படிப்பது இந்தப் பிரிவில் ஒரு காரணமே இல்லை. 18 வயசுல எந்தப் பையன் சம்பாதிக்கிறான் என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது.

ஆனால், டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் வேறு கோணத்தில் பார்த்தது. 18 வயதோடு தந்தையின் பொறுப்பு முடிந்துவிடாது, மொத்தச் செலவையும் தாய் தலையில் கட்ட முடியாது என்று கூறி, மகன் பட்டப்படிப்பை முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் தர உத்தரவிட்டது. கவனிங்க, பணம் தாயின் பெயரில்தான்.

மகளுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20(3) பிரிவுப்படி, திருமணமாகாத மகளால் சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாவிட்டால், 18-க்குப் பிறகும் பெற்றோர் பராமரிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் தாய்க்கும் பொறுப்பு உண்டு. முஸ்லிம் பெண் பிள்ளைகளைத் திருமணம் வரை பராமரிப்பது வசதியுள்ள தந்தையின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது.

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 125-வது பிரிவில் கேட்ட மகளுக்கு, 18 வயதுக்குப் பிந்தைய ஜீவனாம்சம் கிடைக்கவில்லை. 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, 20(3) பிரிவில் தனியாக மனு போடச் சொன்னது. அதனால் மேஜரான மகளுக்குக் கேட்கும்போது, குடும்ப நல நீதிமன்றத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே மனு போட வேண்டும்.

பழைய பாக்கி? 18 வயதுக்கு முன் தராமல் விட்ட தொகை தானாகத் தள்ளுபடி ஆகாது. ஆனால் 144-வது பிரிவில் அதை வாரண்ட் மூலம் வசூலிக்க, தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.