ஒரு ரூபாய்க்கு இந்தியா முழுக்க: பிஎஸ்என்எல் செல்போன் வளர்ந்த கதை, தளர்ந்த கதை

1. எம்பிபிஎஸ் முடிச்சு அரசுப் பணிக்கு வந்த புதிதில், மலைமேல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒரு ராத்திரி, பிரசவமான தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆக்சிடோசின் டிரிப் ஓடிட்டு இருக்கு, என் ரெண்டு கையும் கர்ப்பப்பையை அழுத்திப் பிடிச்சிருக்கு. ஸ்டாஃப் நர்ஸ் அக்கா தன் போனை என் காதில் வைத்துப் பிடித்தார். மறுமுனையில் ஜி.ஹெச் மகப்பேறு மேடம். "பதறாதீங்க தம்பி, நான் சொல்றதை வரிசையா செய்ங்க" என்றார். அடுத்த கால் 108க்கு. அந்தத் தாய் பிழைச்சாங்க.

அந்த மலையில் எடுத்த ஒரே சிக்னல் பிஎஸ்என்எல். அதன் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2. முதலில் 1995க்குப் போவோம். ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அதுதான்.

அப்போ கட்டணம் நிமிஷத்துக்கு 8 ரூபாய் 40 காசு, பரபரப்பான நேரத்தில் 16 ரூபாய் 80 காசு வரை. நீங்க கூப்பிட்டாலும் காசு, உங்களை யாராவது கூப்பிட்டாலும் காசு! செல்போன் என்பது பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது.

3. 1999ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை ரெண்டு முக்கியமான வேலை செய்தது. லைசென்ஸ் கட்டணத்தில் திணறிய தனியார் கம்பெனிகளை வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்ற முறைக்கு மாற்றியது. கூடவே, மூன்றாவது ஆபரேட்டராக அரசும் களத்தில் இறங்க வழி செய்தது.

2000 அக்டோபர் 1ல் தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பாரத் சஞ்சார் நிகாம் லிமிடெட் என்ற கம்பெனியாக மாறியது. டெல்லிக்கும் மும்பைக்கும் ஏற்கனவே எம்டிஎன்எல் இருந்ததால், அந்த ரெண்டு ஊர் தவிர மிச்ச இந்தியா முழுக்க இதன் பொறுப்பு.

4. 2002 அக்டோபர் 19. பிரதமர் வாஜ்பாய் லக்னோவில் பிஎஸ்என்எல் செல்போன் சேவையைத் தொடங்கி வைத்தார். போஸ்ட்பெய்டுக்கு செல்ஒன், ப்ரீபெய்டுக்கு எக்செல். சிம் வாங்க க்யூ நின்ற கதையை உங்க வீட்டில் அப்பா, சித்தப்பா யாரையாவது கேளுங்க.

அடுத்த ஏழு மாசத்துக்குள், 2003 மே 1 முதல், கூப்பிடுபவர்தான் காசு தரணும் என்ற முறை வந்து இன்கமிங் எல்லோருக்கும் இலவசமானது. மிஸ்டு கால் கொடுக்கும் நம்ம கலை வளர்ந்தது அதுக்கப்புறம்தான்.

5. 2006 மார்ச் 1ல் 'ஒன் இந்தியா' திட்டம். அப்போ துறை அமைச்சர் தயாநிதி மாறன். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீருக்குப் பேசினாலும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய். எஸ்டிடி பில்லுக்குப் பயந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே பேசிய தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

6. இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். பிஎஸ்என்எல்லின் சாதனையை அதன் சந்தாதாரர் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. அது களத்தில் நின்றதாலேயே மற்றவர்களும் விலையைக் குறைக்க வேண்டி வந்தது. வேற கம்பெனி சிம் வைத்திருந்தவருக்கும் லாபம்.

ஊரில் ஜி.ஹெச் இருப்பதும் இப்படித்தான். அங்கே ஒருநாளும் கால் வைக்காதவரின் ஆஸ்பத்திரி பில்லையும் அது ஓரளவு கட்டுக்குள் வைக்கிறது.

7. 2004-05ல் இந்த நிறுவனத்தின் லாபம் 10,183 கோடி ரூபாய். ஆமாம், லாபம்தான். அப்புறம் என்ன ஆச்சு?

வளர்ச்சி உச்சத்தில் இருந்த காலத்தில் கருவி வாங்க முடியாமல் போச்சு. 4.55 கோடி இணைப்புகளுக்கான டெண்டர் வழக்கில் சிக்கி, 2007ல் பாதியாகக் குறைக்கப்பட்டது. அடுத்து 9.3 கோடி இணைப்புகளுக்கான டெண்டர் 2010ல் ரத்து. தனியார் கம்பெனிகள் மாசாமாசம் டவர் போட்டுக்கொண்டிருந்தபோது இவர்களிடம் ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது.

8. அதே 2010ல் 3ஜி, வயர்லெஸ் பிராட்பேண்ட் அலைக்கற்றைக்காக சுமார் 18,500 கோடி ரூபாய் கட்ட வேண்டி வந்தது. கையிருப்பு கரைந்தது. 2009-10லேயே நஷ்டம் தொடங்கிவிட்டது.

2016 செப்டம்பரில் ஜியோ 4ஜியோடு வந்தபோது பிஎஸ்என்எல்லிடம் நாடு தழுவிய 4ஜி அலைக்கற்றையே இல்லை. அதை ஒதுக்கும் முடிவு வந்தது 2019 அக்டோபரில்.

9. ஊழியர்கள் மேல தப்பே இல்லையா? இருக்கு. வாடிக்கையாளரை அலைய விட்ட அலுவலகங்கள் இருந்தன. துறையில் இருந்து அப்படியே வந்த பெரும் ஆள்பலமும், அதற்கான சம்பளச் சுமையும் உண்மை. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள்.

ஆனா ஒரு ஆஸ்பத்திரிக்குப் பத்து வருஷம் சிடி ஸ்கேன் மெஷின் வாங்கித் தராமல் இருந்துட்டு, 'இங்க நோயாளி வர்றதில்லை, டாக்டர்கள் சரியில்லை' என்று அறிக்கை எழுதினால் எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் நோயின் மூலம் அங்கேதான்.

10. இப்போ நிலைமை? 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. அந்த ஒரே மாசத்தில் பிஎஸ்என்எல்லுக்குக் கூடுதலாக வந்தவர்கள் சுமார் 29 லட்சம் பேர். மாற்று ஒன்று இருக்கணும் என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

2024 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் 262 கோடி லாபம், 17 வருஷத்துக்குப் பிறகு. ஆண்டு முழுக்கப் பார்த்தால் இன்னும் நஷ்டம்தான். உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி, 2025 செப்டம்பர் 27ல் தான் நாடு முழுக்க முறைப்படி தொடங்கியது. ஐசியூவில் இருந்து வார்டுக்கு வந்திருக்கு. டிஸ்சார்ஜ் ஆகலை.

11. வாடிக்கையாளர் குறைவு என்பதால் லாபக் கணக்குப் பார்ப்பவர் அந்த மலையில் டவர் போட மாட்டார். அந்த ராத்திரி அங்கே சிக்னல் இருந்தது, அந்தக் கணக்கைப் பார்க்காத ஒரு நிறுவனம் இருந்ததால். பொதுத்துறையைத் திட்டுங்க, தப்பில்லை. அதோட, அதுக்குத் தேவையான கருவியை வாங்கிக் கொடுத்தோமா என்றும் ஒரு தடவை கேளுங்க.

உங்க வீட்டில் முதல் செல்போன் எந்த வருஷம் வந்தது? கீழே சொல்லுங்க.